எத்தனை வருஷத்துக்கு வேணும்

எத்தனை வருஷத்துக்கு வேணும்னு கேட்டுட்டு சிக்கந்தர் பாய் குடோனுக்குள்ள போயிட்டாரு. அவருக்கென்ன, பேட்டரிக் கடைக்காரர் கேக்குற கேள்விதான் அது, வர்றவங்க எல்லார்கிட்டயும் கேப்பாரு, மூணு வருஷம் உழைக்கிறது போதுமா, பத்து வருஷம் உழைக்கிறது வேணுமான்னு. நான்தான் வாயடைச்சுப் போயி இந்த பிளாஸ்டிக் சேர்ல உக்காந்திருக்கேன். முப்பத்தி நாலு வருஷம் கவர்மெண்டு ஆஸ்பத்திரியில நர்ஸா இருந்து, பெரிய டாக்டரையே எதிர்த்துப் பேசுன குருவம்மா சிஸ்டர், ஒரு பேட்டரிக் கடையில பதில் சொல்லத் தெரியாம உக்காந்திருக்கா. இதே கேள்விய எத்தனை பேரு என்கிட்ட கேட்டிருக்காங்க, சிஸ்டர் இன்னும் எவ்வளவு நாள் இருக்கும்னு, மருமக கேப்பா, மகன் கேப்பான், சில சமயம் படுத்திருக்கவரே கேப்பாரு, நானும் டாக்டரைக் கேளுங்கன்னு சொல்லிட்டு டிரிப்ஸ் டியூப்பை ஒரு தட்டு தட்டிவிட்டுட்டு அடுத்த பெட்டுக்குப் போயிருவேன். இங்க தட்டுறதுக்கு ஒரு டியூப்பும் இல்ல. முன்னால கண்ணாடி மேசை, மேசை மேல ரெண்டு விலைப் பட்டியல், வெளிய மதுரை பைபாஸ் ரோட்டுல பதினோரு மணி வெயில், அந்த வெயில்ல எங்க வேன், வேனுக்குள்ள இவரு, என் வீட்டுக்காரரு. கடை பிளக்குல இருந்து ஒயர் இழுத்து ஜன்னல் வழியா உள்ள குடுத்திருக்கேன். ஆக்சிஜன் மெஷின் ஓடுற சத்தம் இங்க வரைக்கும் கேக்குது, டொப்னு ஒரு சத்தம், பொறவு உஸ்ஸுனு ஒரு சத்தம். அது கேக்குற வரைக்கும் நான் நிம்மதியா உக்காந்து யோசிக்கலாம். நிம்மதியாவா, என்ன பேச்சு பேசுறேன் நான்.

உள்ள வந்ததும் பாய் கேட்ட முத கேள்வி சார் வரலையாங்கிறது. சார் வண்டியில இருக்காரு, நான்தான் ராஜபாளையத்துல இருந்து ஓட்டிட்டு வந்தேன், எதுன்னாலும் என்கிட்ட சொல்லுங்கன்னேன். அவரு ஒரு நிமிஷம் என்னைப் பாத்தாரு, அறுபத்தோரு வயசு, கண்ணாடி, காட்டன் சேலை, கையில வேன் சாவி. எல்லாரும் பாக்குற பார்வைதான். அம்பத்தெட்டு வயசுல லைசென்ஸ் எடுக்கப் போனப்ப அந்த ஆபீசர் பாக்காத பார்வையா, பேரன் பேத்திய ஸ்கூல்ல விடவாம்மான்னு சிரிச்சாரு, இல்ல சார் புருஷனைக் கூட்டிட்டு ஊர் சுத்தன்னேன், சிரிப்பு நின்னுபோச்சு. எட்டு போடச் சொன்னாரு, போட்டேன், ரிவர்ஸ்ல போகச் சொன்னாரு, போனேன். அதுக்கு முன்னால மூணு வருஷம் இவருதான் ஓட்டுனாரு. இவரு செஞ்ச வண்டி அது, ஒரு காலேஜுக்கு ஓடுன பழைய வேனை வாங்கி, சீட்டையெல்லாம் கழட்டிப்போட்டு, கட்டில் அடிச்சு, அடுப்பு மேடை வச்சு, கை கழுவ ஒரு தொட்டி வச்சு, குட்டி ஃபிரிட்ஜ் வச்சு, கூரையில ஒரு சோலார் பேனல் மாட்டி, எல்லாம் இவரு கைவேலை. பஞ்சு மில்லுல முப்பத்தொரு வருஷம் புளோரூம் ஃபிட்டரா இருந்தவருக்கு இது ஒரு வேலையா. பஞ்சை உதறி அடிக்கிற இடம் அந்த புளோரூம், பனி மாதிரி பறக்கும்னு சொல்லுவாரு, என்னமோ ஊட்டிக்குப் போயிட்டு வந்த மாதிரி. அந்தப் பனிதான் இப்ப நெஞ்சுக்குள்ள உக்காந்திருக்கு. தினம் பதினோரு மணி நேரம் மெஷின் வேணும், வெளிய இறங்குனா மட்டும் சின்ன சிலிண்டர். மில்லு மூடிட்டு மொதலாளி வேற தொழிலுக்குப் போயிட்டாரு, இவரு மூச்சை மட்டும் அங்கயே விட்டுட்டு வந்துட்டாரு. எனக்கு அந்தக் கோபம் இன்னும் தீரல, தீரவும் வேண்டாம்.

பாய்கிட்ட என் சார்ட்டை எடுத்து நீட்டுனேன் பாருங்க, அங்கதான் அவரு என்னை ஒழுங்கா பாத்தாரு. பேஷண்டுக்கு இன்டேக் அவுட்புட் சார்ட் எழுதுற மாதிரி நாப்பது நாளா வண்டிக்கு எழுதியிருக்கேன். எட்டு, ரெண்டு, மறுபடி எட்டு, டூட்டி மாத்துற நேரத்துக்கெல்லாம் ஒரு தடவை. இந்தப் பக்கம் உள்ள போனது, பேனல்ல இருந்து எவ்வளவு, மேகமா வெயிலா. அந்தப் பக்கம் வெளிய போனது, மெஷின், ஃபிரிட்ஜ், ஃபேன், லைட்டு, செல்போன் சார்ஜர் வரைக்கும். மெஷினுக்கு மட்டும் பதினோரு மணி நேரத்துக்கு நாலு யூனிட் கிட்ட போகுது, ஏன்னா பேட்டரி கரண்டை வீட்டுக் கரண்டா மாத்துற இன்வெர்ட்டர் கொஞ்சம் தின்னுருது. இப்ப இருக்க பேனல் நல்ல வெயில்ல கூட ஒண்ணே கால் யூனிட்டைத் தாண்டல. வர்றதை விட போறது ஜாஸ்தி, வார்டுல இப்படி ஒரு சார்ட்டைப் பாத்தா அடுத்த நிமிஷம் டாக்டரைக் கூப்பிடுவோம். பாய் ரெண்டு தடவை புரட்டிப் பாத்துட்டு, அக்கா, என் கடைக்கு வர்ற இன்ஜினியருங்க கூட இப்படி எழுதிட்டு வர்றதில்லன்னாரு. அது எனக்குத் தெரியும் பாய், பேட்டரியைச் சொல்லுங்கன்னேன். கொஞ்சம் திமிராத்தான் சொன்னேன். இருக்கட்டும், திமிர் இல்லாட்டி இந்நேரம் ரெண்டு பேரும் ஓசூர்ல மகன் வீட்டு மூணாவது மாடியில சுவத்தைப் பாத்துட்டு உக்காந்திருப்போம்.

பழைய பேட்டரி செத்த கதை இருக்கே, அதை நினைச்சா சிரிக்கிறதா அழுகுறதான்னு தெரியல. வண்டியைக் கிளப்புற பேட்டரி வேற, அது நல்லாத்தான் இருக்கு. செத்தது வீட்டு பேட்டரி, கட்டிலுக்கு அடியில இருந்த ரெண்டும். மில்லுக்காரங்களுக்கு ஆயுத பூசைன்னா பொங்கலும் தீபாவளியும் சேந்த மாதிரி. ஒரு மெஷின் பாக்கி இல்லாம சந்தனம் அப்பி, குங்குமம் வச்சு, மாலை போடுவாங்க. அந்தப் பழக்கத்துல இவரு வருஷா வருஷம் பேட்டரிக்கும் சந்தனத்தைக் குழைச்சு தலை பூரா அப்பிருவாரு, சாமி காரியம் கஞ்சத்தனம் பண்ணக் கூடாதுன்னு. வச்ச சந்தனத்தைத் துடைக்கவும் விட மாட்டாரு, தானா உதிரணுமாம். ஆறு வருஷப் பூச்சு. மூடியில காத்துப் போற ஓட்டையெல்லாம் அடைஞ்சு, உள்ள இருக்க கேஸ் வெளிய போக வழியில்லாம வயிறு ஊதிருச்சு ரெண்டுக்கும். கசிஞ்ச ஆசிட்டுல குங்குமம் நனைஞ்சு ஒரு முனையில இருந்து இன்னொரு முனைக்கு ரோடு போட்ட மாதிரி ஆகி, அது வழியா சும்மா நிக்கும்போதே கரண்டு போயிட்டே இருந்திருக்கு. பாய் திறந்து பாத்துட்டு, பூசை பண்ணியே கொன்னுட்டீங்களேக்கான்னாரு. நான் நர்ஸ், மூக்கு அடைச்சா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா, கட்டிலுக்கு அடியில ஒரு நாள் குனிஞ்சு பாத்திருந்தா போதும். பாக்கல. ஜனவரியில திருமயம் பக்கம் ரோட்டோரத்துல, மத்தியானம் சாப்பிட்டுட்டு இவரு படுத்தாரு, நான் தட்டு கழுவிட்டு இருந்தேன், மெஷின் பீப் பீப்புனு கத்துச்சு. கையில தட்டோட திரும்பிப் பாத்தா உதடு நாவப்பழம் தின்ன மாதிரி இருக்கு. சின்ன சிலிண்டரைத் திறந்து மூக்குல மாட்டி, மெஷினுக்குக் கரண்டு வரட்டும்னு இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி, ரெண்டு பக்கமும் ஓடுனேன். எத்தனையோ பேருக்குப் பாத்த கைதான், அன்னிக்கு அந்தக் கைக்கு சிலிண்டர் சாவியைத் திருப்ப மூணு தடவை ஆச்சு. அஞ்சு நிமிஷத்துல சரியாயிருச்சு. இவரு கண்ணைத் திறந்து, சாம்பார்ல உப்பு கம்மிடின்னாரு. அன்னில இருந்து பிளக்கு இருக்க இடத்துக்குத்தான் போறோம், சொந்தக்காரங்க வீட்டு வாசல், லாட்ஜு பின்பக்கம், ஒயர் எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் எங்க ஊர் சுத்தல்.

இன்னொண்ணும் பாய் சொன்னாரு, அன்னிக்கு வண்டியை எங்க நிறுத்தியிருந்தீங்கன்னு கேட்டுட்டு. புளியமரத்து நிழல்லதான், வேற எங்க நிறுத்துவாங்க அந்த வெயில்லன்னேன். அதான் தப்பாம். பேனல்ல ஒரு ஓரத்துல நிழல் விழுந்தாலே மொத்தமும் படுத்துருமாம். நம்ம ஊர்ல பொறந்தவ எவளாவது வண்டியை வெயில்ல நிறுத்துவாளா, கல்யாணத்துக்குப் போனாலும் முத வேலை நிழல் தேடுறதுதான். இப்ப கூரைக்கு வெயில் வேணும், உள்ள படுத்திருக்கவருக்கு நிழல் வேணும், ரெண்டுக்கும் நடுவுல நான் கெடந்து அல்லாடணும். அதுக்குத்தான் கூரையில பெருசா ரெண்டு பேனலு, ரெண்டையும் கூரையை ஒட்டாம நாலு விரக்கடை உசத்தி மாட்டுனா, காத்து நடுவுல போகும், உள்ள சூடும் கொறையும், பேனலே பந்தல் மாதிரி ஆயிரும்னாரு. அது போக மடக்கி விரிக்கிற பேனல் ஒண்ணு, நீள ஒயரோட. வண்டி மரத்தடியில நின்னாலும் அதை மட்டும் வடாகம் காயப்போடுற மாதிரி வெயில்ல விரிச்சு வச்சுக்கலாம். ஆடு மாடு மிதிக்காம பாத்துக்கணும். அதுல எனக்குச் சந்தேகமே இல்ல, மூணும் வேணும்னு அப்பவே சொல்லிட்டேன், பேனல்ல என் மனசு தடுமாறவே இல்ல. வெயிலுக்கு வருஷக் கணக்கு கேக்க மாட்டாங்க.

போன் அடிக்குது. திலீபன். எங்க ஒரே பையன், ஓசூர்ல கம்பெனி வேலை. எடுக்காட்டி பத்து தடவை அடிப்பான். எங்கம்மா இருக்கீங்கன்னான், மதுரையில பேட்டரிக் கடையிலன்னேன். அம்மா நான் அன்னிக்கே சொன்னேன்ல, வண்டியைக் குடுத்துட்டு இங்க வந்துருங்க, அப்பாவுக்குத் தனி ரூம் இருக்கு, லிஃப்ட் இருக்கு, கரண்டு போனா ஜெனரேட்டர் இருக்கு, பக்கத்துல பெரிய ஆஸ்பத்திரி இருக்குன்னு அடுக்குனான். எல்லாம் இருக்குதான், நல்ல பிள்ளை, அவனைக் குறை சொல்ல மாட்டேன். உங்கப்பாவுக்கு அந்த ரூம்ல என்ன தெரியும் ஜன்னல்லன்னு கேட்டேன். அடுத்த பிளாக்கு சுவரு தெரியும்னு அவன் எப்படிச் சொல்லுவான். அதை விட்டுட்டு, போயும் போயும் இதுல கொண்டு போயி இவ்வளவு பணத்தைப் போடணுமாம்மா, எத்தனை நாளைக்குன்னு ஆரம்பிச்சான், சட்டுனு நிறுத்திட்டான். ரெண்டு பேரு மூச்சும் போன்ல கேட்டுச்சு. அவனும் அதே கேள்விகிட்டதான் வந்து நிக்கிறான், டாக்டர் சொன்னதை அவன்கிட்ட மட்டும்தான் நான் சொல்லியிருக்கேன். சாப்பிட்டியாடான்னேன், ம்னான், வச்சுட்டேன்.

அஞ்சு மாசத்துக்கு முன்னால டாக்டர் சொன்னது ஒன்றரை வருஷம். நல்லா பாத்துக்கிட்டா ரெண்டுன்னாரு. இவரு அப்ப அடுத்த பக்கம் குழாயில ஊதிட்டு இருந்தாரு, ஊதுற டெஸ்டு. நான் தலையாட்டிட்டு, தேங்க்யூ சார்னு சொல்லிட்டு வந்தேன். தேங்க்யூவாம். வெளிய வந்து இவருகிட்ட, பழைய மருந்தையே போடச் சொல்லிட்டாருன்னு சொன்னேன், இவரும் சரின்னு சொல்லிட்டு, வர்ற வழியில வடை வாங்கச் சொன்னாரு. இப்ப பாய் கேக்குறாரு, ஜெல் பேட்டரின்னா மூணு வருஷம், நாலு எண்ணம் போடணும். லித்தியம்னா பத்து வருஷம், ரெண்டு போதும். மெஷின் ரெண்டுலயும் ஓடும். விலை மட்டும் வித்தியாசம், வருஷம் மட்டும் வித்தியாசம். மூணு வருஷத்துக்குன்னு சொன்னா என்ன அர்த்தம். மூணே ஜாஸ்தின்னு எனக்கே தெரியும்ல, அப்ப நான் என்ன, புருஷன் ஆயுசுக்கு அளவெடுத்து பேட்டரி வாங்குறவளா. டெய்லர்கிட்ட துணி குடுக்கிற மாதிரி, பாய் ஒன்றரை வருஷத்துக்கு ஏத்தாப்புல ஒண்ணு வெட்டிக் குடுங்கன்னு கேக்கவா. சொல்ல மாட்டேன், என் வாயால அதைச் சொல்ல மாட்டேன். சரி, பத்துன்னு சொல்லு குருவம்மா, டாக்டர் மூஞ்சியில அடிச்ச மாதிரி பத்துன்னு சொல்லு. டாக்டருங்க சொன்ன தேதியைத் தாண்டி எழுந்து நடந்து போனவங்களை நான் பாத்ததில்லையா, மூணு மாசம்னு சொன்ன ஆளு மூணு வருஷம் கழிச்சு எனக்கு மாம்பழம் கொண்டு வந்து குடுத்தாரு. ஆனா நர்ஸுக்கு நர்ஸே பொய் சொல்ல முடியாது. இவரு விரல் நுனி வீங்குறதை நான்தான் தினமும் பாக்குறேன்.

அப்ப அந்தப் பத்து யாருக்கு. இங்கதான் வந்து வந்து மாட்டிக்கிறேன், கடைக்கு வந்த நேரத்துல இருந்து இதே இடம். பத்துன்னு நினைச்ச உடனே கண்ணு முன்னால ஒண்ணு வருது. எனக்கு எழுபத்தோரு வயசு. கூந்தன்குளம் கரையில வண்டி நிக்குது, காலையில, நான் கதவைத் திறந்து வச்சுக்கிட்டு கடுங்காப்பி குடிக்கிறேன், கொளம் பூரா கொக்கும் நாரையும். முட்டி வலி இருக்கு, இருந்தாலும் இருக்கேன். கட்டில் ஒண்ணுதான் விரிச்சிருக்கு. மெஷின் சத்தம் இல்ல. பாத்த உடனே பதறிப் போயி மனசை இழுத்து மூடுறேன், அடிப்பாவி, ஆளு வெளிய மூச்சு விட்டுட்டு இருக்காரு, அவரு இல்லாத எடத்துல நீ காப்பி குடிச்சிட்டு கொக்கு பாக்குறியான்னு. எங்க நாத்தனார் கேட்டா என்ன சொல்லுவா, தாலி கட்டுனவனைத் தூக்கிப் போட்டுட்டு ஊர் மேயப் போறான்னு சொல்லுவா. சொல்லட்டும். அவ சொல்றதுக்கு நான் என்னிக்கு பயந்தேன். நான் பயப்படுறது அவளுக்கில்ல. அந்தக் காப்பி எனக்குப் பிடிச்சிருந்துச்சு, அதுக்குத்தான் பயப்படுறேன். சரி, பிடிச்சிருந்தா என்ன. நான் கேக்குறேன், என்ன தப்பு. பொண்டாட்டின்னா புருஷன் மூச்சு நிக்கிற அன்னிக்கு அவ இன்ஜினையும் ஆஃப் பண்ணிரணுமா. முப்பத்தி நாலு வருஷம் அடுத்தவங்க மூச்சை எண்ணிட்டேன், என் மூச்சை யாரு எண்ணுவா. அழுவேன், ஏன் அழ மாட்டேன், வண்டி ஓட்டிக்கிட்டே அழுவேன், கண்ணு மறைச்சா ஓரங்கட்டி நிறுத்திட்டு அழுவேன், அழுது முடிச்சுட்டு கியரைப் போடுவேன். இதை இவருகிட்ட எப்படிச் சொல்றது. பத்து வருஷத்துக்குன்னு இவரு காதுபட சொன்னா, கணக்கு போடத் தெரிஞ்ச மனுஷன் சும்மா இருப்பாரா.

டொப்புனு சத்தம், உஸ்ஸு வரல. எந்திரிச்சுட்டேன். சேர் பின்னால சாயுது. அதுக்குள்ள வேன் கதவு திறக்குது, இவருதான் மெஷினை நிறுத்திட்டு, சின்ன சிலிண்டரைத் தோள்ல மாட்டிக்கிட்டு இறங்குறாரு. ஒரு படி, நின்னு மூச்சு, இன்னொரு படி. நான் போயி கையைப் பிடிக்கல, பிடிச்சா கோபம் வரும். நடந்து உள்ள வந்து என் சேர்லயே உக்காந்தாரு. பாயும் அதே நேரத்துக்கு குடோன்ல இருந்து வந்தாரு, ஒரு தள்ளுவண்டியில ஜெல் பேட்டரி ஒண்ணு, லித்தியம் ரெண்டு.

"வாங்க சார். அக்கா எல்லாம் புட்டுப்புட்டு வச்சுட்டாங்க. இன்னும் எதுன்னு மட்டும் சொல்லல."

இவரு ரெண்டையும் பாத்தாரு. பழைய ஃபிட்டர் பார்வை, ஒரு பொருளை முழுசாப் பாத்துட்டுத்தான் பேசுவாரு.

"வெயிட்டு என்ன பாய்?"

"ஜெல் ஒண்ணு அறுபத்தஞ்சு கிலோ. லித்தியம் ஒண்ணு இருபத்திமூணு."

"இவளால தூக்க முடியுமா?"

"சார், நம்ம ஆளுங்களே வந்து மாட்டிக் குடுத்துருவாங்க. நீங்க யாரும் தூக்கவே வேண்டாம்."

"மாட்டுறதைக் கேக்கல." நிறுத்தி மூச்சு வாங்குனாரு. "எங்கயாவது ரோட்டுல நின்னுபோச்சுன்னா. கழட்டி எடுத்துப் பாக்கணும்னா. இவ ஒத்தையில தூக்கணும்ல."

ஒத்தையிலன்னு சொன்னாரு. பாய் என்னைப் பாத்தாரு, நான் தரையைப் பாத்தேன்.

"ஏன், நீங்க எங்க போறீங்க?" கேட்டுட்டேன்.

"அந்த டாக்டர் ரூம்ல கதவா இருந்துச்சு, ஸ்க்ரீன் துணிதான? நீயே எத்தனை வருஷம் அந்தத் துணிக்கு இந்தப் பக்கம் நின்னிருப்ப. அந்தப் பக்கம் கேக்கும்னு தெரியாதா உனக்கு?" இதைச் சொல்லி முடிக்க அவருக்கு நாலு மூச்சு ஆச்சு. அப்புறம் கையைத் தூக்கி பேட்டரியைக் காட்டுனாரு. "தூக்கிப் பாரு."

அஞ்சு மாசமா வடை வாங்கச் சொல்லிட்டு, உப்பு கம்மின்னுட்டு, எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே என் பக்கத்துல படுத்திருந்திருக்காரு. எனக்கு வந்த கோபத்துக்கு நான் முதல்ல ஜெல் பேட்டரியைத்தான் பிடிச்சேன். அசையல. ரெண்டாம் தடவை பிடிச்சேன், தள்ளுவண்டிதான் நகந்துச்சு. அக்கா அக்கான்னு பாய் வந்தாரு, விலகுங்க பாய்னேன். சேலையை இழுத்துச் சொருகிட்டு, முட்டியை மடக்கி, பேஷண்டைத் தூக்குற மாதிரி முதுகை நேரா வச்சுக்கிட்டு லித்தியத்தை அணைச்சுப் பிடிச்சேன். இருபத்திமூணு கிலோ என்ன பெரிய கிலோ, எத்தனை உடம்பைப் புரட்டிப் போட்ட கை இது. வந்துருச்சு. நெஞ்சோட சேத்துப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். கீழ வைக்கணும்னு தோணல. அப்படியே கடை வாசலைத் தாண்டி, வெயிலைத் தாண்டி, வேனுக்குள்ள ரெண்டு படி ஏறி, கட்டிலுக்கு அடியில கொண்டு போயி வச்சேன். பில்லு போடலக்கான்னு பாய் பின்னாலயே வந்தாரு. எந்திரிச்சுத் திரும்புனா இவரும் வந்து வேன் கதவைப் பிடிச்சுட்டு நிக்கிறாரு, சிலிண்டர் தோள்ல தொங்குது.

"நான் போவேன்," அப்படின்னேன். "நீங்க இருந்தாலும் போவேன். இல்லாட்டியும் போவேன். சொல்லிட்டேன்."

இவரு கதவைப் பிடிச்சுக்கிட்டே மூச்சு வாங்குனாரு, நான் காத்துட்டு இருந்தேன், பேசுற அளவுக்குக் காத்து சேர கொஞ்ச நேரம் ஆச்சு.

"அதுக்குத்தான கேட்டேன்," அப்படின்னாரு. "இன்னொண்ணு அங்கயே இருக்கு. அதையும் தூக்கிட்டு வா."